தனித் திறப்பின் கோப்பு வடிவங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஆவணத்தை ஆராயப் புகும் வரலாற்று மாணவன் இரு வினாக்களை எழுப்புவது வழக்கம். அவ்வாவணம் கூறும் பொருள் யாது என்பது ஒன்று. அப்பொருள் எவ்வடிவில், எவர் கையால், எத்தேவை குறித்து எழுதப்பட்டது என்பது மற்றொன்று. ஓலையிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து அச்சுக்கும் பெயர்க்கப்பட்ட ஒரு நூலின் பொருள் மாறாதிருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு பெயர்ப்பும் தன் காலத்தின் சுவட்டை அதன்மேற் பதித்தே செல்கின்றது. இவ்விரு வினாக்களுக்கும் இடந்தரும் சிறியதோர் ஆவணம் கணினியுலகிலும் உண்டு. தொலைவிலுள்ள சேவையகமொன்றினுள் நுழைவோர் தம் கையில் வைத்திருக்கும் தனித் திறப்பு என்னும் கோப்பே அது. பாடநூல்கள் சாவி என வழங்குவதை எமது பேச்சு வழக்குத் திறப்பு என்றே வழங்குவதால் இங்கும் அச்சொல்லே ஆளப்படுகின்றது. அக்கோப்பு ஏன் பல வடிவங்களைப் பெற்றது, ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றும்போது எது மாறுகின்றது, எது மாறாது நிற்கின்றது, அதிலிருந்து வன்னி மண்ணினராகிய நாம் எண்ணத்தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறப்பின் தோற்றம்

ஒரு கணினியின் முன் அமர்ந்து வேறோரிடத்துக் கணினியை இயக்கும் முறை புதியதன்று. டெல்நெட், ஆர்லொகின் ஆகிய பழைய முறைகள் இதனையே செய்தன. ஆனால் அவற்றில் ஒரு பெருங்குறை இருந்தது. பயனர் தட்டெழுதும் கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றிக் கம்பி வழியே சென்றது. இடைவழியில் ஒற்றுக் கேட்பவன் எவனும் அதனை எழுத்துக்கு எழுத்துப் படித்துவிடலாம். தபாலட்டையில் வீட்டின் இரகசியத்தை எழுதி அனுப்புவதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை.

இக்குறையைப் போக்குதற்கான கருத்து 1976ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. விற்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் அவ்வாண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், பூட்டுதற்கும் திறத்தற்கும் ஒரே திறப்பையே பயன்படுத்த வேண்டுமென்னும் நியதி இல்லை எனக் காட்டினர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் அக்கருத்துக்கு எண்கணித வடிவம் தந்தனர். மூவர் பெயரின் முதலெழுத்துக்களால் அது ஆர்.எஸ்.ஏ. முறை என வழங்கலாயிற்று. இரு பேரெண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத் தொகையை மட்டும் கொண்டு அவ்விரு எண்களையும் மீட்டெடுத்தல் மிக அரிது. இவ்வுண்மையே அம்முறையின் அத்திவாரம். இவ்வகைத் திறப்புக்கள் இணையாகவே பிறக்கின்றன. ஒன்று யாவருக்கும் கொடுக்கத்தக்க பொதுத் திறப்பு. மற்றையது உரியவரைவிட்டு நீங்கலாகாத தனித் திறப்பு.

இதனைத் தொலைநுழைவுக்குப் பரவலாகப் பயன்படச் செய்தவர் தாத்து யுலோனென் என்னும் பின்லாந்து ஆய்வாளர். 1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிற் கடவுச்சொற்கள் ஒற்றுக் கேட்டுத் திருடப்பட்டன. அதனால் உந்தப்பட்ட அவர் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான நுழைவு முறையை எழுதி, அவ்வாண்டு யூலை மாதம் இலவசமாக வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் ஐம்பது நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைப் பயன்படுத்தலாயினர். இம்முறையிற் பயனரின் பொதுத் திறப்புச் சேவையகத்திற் பதிந்துவைக்கப்படும். பயனர் நுழைய வரும்போது, அந்தத் தொடர்புக்கே உரிய ஓர் அடையாளத்தின்மேல் அவருடைய கணினி தனித் திறப்பாற் கையொப்பமிடும். சேவையகம் பொதுத் திறப்பைக் கொண்டு அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும். தனித் திறப்போ ஒருபோதும் கம்பி வழியே செல்வதில்லை.

அதே 1995ஆம் ஆண்டின் ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் பின்னர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு பையிலிட்டு நெஞ்சோடு அணைத்துவந்த குடும்பங்கள் எண்ணிறந்தவை. ஹெல்சிங்கியில் எழுந்த சிக்கலையும் வன்னி வீதிகளில் நிகழ்ந்த துயரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. எனினும் இரண்டிலும் அடியோடிய வினா ஒன்றே: தன் இடத்தைவிட்டு நெடுந்தொலைவில் நிற்கும் ஒருவர், தாம் இன்னார் என்பதை எதனைக் கொண்டு நிறுவுவது? இவ்வினாவுக்குக் கணினியுலகம் கண்ட விடையே தனித் திறப்பு. அது கோப்பாகச் சேமிக்கப்பட வேண்டியிருந்தமையால் வடிவங்களின் வரலாறும் அங்கே தொடங்குகின்றது.

வடிவங்கள் பலவானமை

காலத்தால் முந்தியதும் இன்றும் பலரும் காண்பதும் 'பெம்' எனப்படும் வடிவமாகும். இதன் வரலாறு விந்தையானது. 1993ஆம் ஆண்டில் மின்னஞ்சலை மறைத்தனுப்புவதற்கென ஒரு நியமம் வெளியிடப்பட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே தலைமையின் கீழமைந்த சான்றளிப்பு முறையை அது வேண்டிநின்றமையால் நடைமுறையில் வேரூன்றவில்லை. அஞ்சல் முறை மறைந்தது. அது விட்டுச்சென்ற உறை மட்டும் எஞ்சிற்று. அக்காலத்து மின்னஞ்சல் சாதாரண எழுத்துக்களை மட்டுமே பழுதின்றிக் காவிச்சென்றது. ஆதலால் எண்கள் யாவற்றையும் ஆங்கில எழுத்து, இலக்கம், இரு குறிகள் ஆகிய 64 எழுத்துருக்களாக மாற்றி, மேலும் கீழும் ஐந்து ஐந்து சிறு கோடுகளுக்கிடையில் 'தொடக்கம்', 'முடிவு' எனப் பொருள்படும் தலைப்புக்களை இட்டனர். இன்று ஒரு தனித் திறப்புக் கோப்பைத் திறந்தவுடன் கண்ணிற் படும் அக்கோடுகள், தோல்வியுற்ற ஓர் அஞ்சல் நியமத்தின் எச்சங்களே.

இரண்டாவது வடிவம் உரிமப் பிணக்கின் பயனாய் நிலைபெற்றது. யுலோனென் 1995இன் இறுதியில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது மென்பொருளின் பிந்திய பதிப்புக்களில் உரிம நிபந்தனைகள் இறுகின. ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோர், கட்டற்ற உரிமத்தில் வெளிவந்த பழைய பதிப்பொன்றின் வழியிற் பணியைத் தொடர்ந்து, 1999 டிசெம்பரில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்பதை வெளியிட்டனர். இவ்வாறு ஒரே ஊற்றிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. நிறுவனக் கிளை தனக்கென ஒரு கோப்பு வடிவத்தைக் கொண்டது. கட்டற்ற கிளை பெம் வடிவத்தையே தழுவிற்று. முன்னதன் தலைப்பில் நான்கு கோடுகளும் ஓர் இடைவெளியும், பின்னதன் தலைப்பில் ஐந்து கோடுகளும் இருத்தலைக் கொண்டே இரண்டையும் பிரித்தறியலாம். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலங் கணிப்பது போன்றதே இதுவும்.

மூன்றாவது, சைமன் டாத்தம் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கிய 'பட்டி' மென்பொருளின் பி.பி.கே. வடிவமாகும். பட்டி என்றவுடன் வன்னியார் செவிக்கு மாட்டுப் பட்டியே முதலில் எட்டும். எனினும் இது ஓர் ஆங்கிலச் சொல். விண்டோஸ் கணினியிலிருந்து யுனிக்ஸ், லினக்ஸ் சேவையகங்களுக்குட் செல்ல 1999 ஜனவரி முதல் இம்மென்பொருள் பொதுமக்களுக்குக் கிடைத்தது. டாத்தம் புதியதொரு வடிவத்தை வகுத்தமைக்குக் காரணங்கள் உண்டு. கடவுத்தொடரைக் கேட்பதற்கு முன்னரே பொதுப் பகுதியையும் திறப்பின் குறிப்புரையையும் படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கோப்பின் எப்பகுதியையேனும் அயலார் மாற்றியிருப்பின் அதனைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையொன்று உள்ளே இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே இவ்வடிவம் தற்செருக்கால் எழுந்ததன்று, தேவையால் எழுந்தது.

நான்காவது வடிவம் பழையதன் குறையிலிருந்து பிறந்தது. தனித் திறப்புக் கோப்பைக் கடவுத்தொடராற் பூட்டிவைக்கலாம். ஆனால் பழைய பெம் முறையில், கடவுத்தொடரிலிருந்து பூட்டும் எண்ணைப் பெறும் கணிப்பு ஒரேயொரு முறைதான் செய்யப்பட்டது. கணினிகளின் வேகம் பெருகப் பெருக, கோப்பைத் திருடியவன் நொடிக்குப் பன்னூறாயிரம் கடவுத்தொடர்களை ஊகித்துப் பார்த்தல் இயல்வதாயிற்று. இதற்கு மாற்றாக 2014 ஜனவரியில் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 6.5ஆம் பதிப்பு, வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கணிப்பையுடைய புதிய வடிவத்தை அறிமுகஞ் செய்தது. 2018 ஓகஸ்டில் 7.8ஆம் பதிப்பு அதனையே இயல்பு வடிவமாக்கிற்று. பட்டியும் இவ்வழியே சென்று, 2021இல் வெளிவந்த 0.75ஆம் பதிப்பிற் பி.பி.கே. வடிவத்தின் மூன்றாம் நிலையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு திருத்தமும் பாதுகாப்பை உயர்த்திற்று. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் பழைய மென்பொருள்கள் புதிய கோப்பைப் படிக்க மாட்டாது திகைத்தன. வடிவமாற்றத்தின் தேவை இத்திகைப்பிலேயே பிறந்தது.

மாறுவதும் மாறாததும்

வடிவமாற்றம் செய்யும்போது நிகழ்வது யாது? ஆர்.எஸ்.ஏ. திறப்பொன்றை எடுத்துக்கொள்வோம். பெம் கோப்பில் இரு பகா எண்களும் அவற்றின் பெருக்கமும் அடுக்கெண்களும் கணிப்பை விரைவாக்கும் துணையெண்களும் ஒரு வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. பி.பி.கே. கோப்பிலும் சாரமான எண்கள் அவையே. வரிசை வேறு, துணையெண்கள் சில இல்லை. இல்லாதவற்றை உள்ளவற்றிலிருந்து மீளக் கணித்துக்கொள்ளலாம். பட்டியுடன் வரும் 'பட்டிஜென்' என்னும் கருவி கோப்பைப் படித்து, கடவுத்தொடரால் திறந்து, எண்களை வேண்டிய வரிசையில் அடுக்கி, மீண்டும் பூட்டிப் புதிய கோப்பாக எழுதுகின்றது. ஓப்பன் எஸ்.எஸ்.எச். தொகுதியிலுள்ள 'எஸ்.எஸ்.எச். கீஜென்' என்பதும் புதிய வடிவத்தைப் பழைய பெம் வடிவாக மாற்றவல்லது. சேவையகம் இம்மாற்றம் எதனையும் அறியாது. அங்கே பதியப்பட்ட பொதுத் திறப்பு மாறவில்லை. ஆதலால் கதவும் முன்போலவே திறக்கும்.

தமிழ் மாணவருக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றியோர் எம்மிடையே பலர். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாய்த் தோன்றும். கட்டுரை கெட்டுவிடவில்லை, அதனைப் படிக்கும் மரபே அங்கு இல்லை. பட்டியில் நேரே இட்ட பெம் கோப்பு ஏற்கப்படாமைக்கும் காரணம் அதுவே. திறப்புப் பழுதன்று, பூட்டும் பழுதன்று, கோப்பைப் படிக்கும் மரபு வேறு.

ஆனால் வடிவமாற்றத்தால் ஆகாதவையும் உண்டு என்பதைக் கடந்த கால நிகழ்ச்சிகள் இரண்டு காட்டுகின்றன. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் 2006ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு திருத்தத்தின் விளைவாக, திறப்புக்களை ஆக்கும் தற்செயல் எண்களின் ஊற்று ஏறத்தாழ வற்றிப்போயிற்று. 2008 மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, ஒரு கணினி வகையில் ஒரு குறித்த நீளத்துக்கு ஆக்கப்பட்டிருக்கக்கூடிய திறப்புக்கள் 32,767 மட்டுமே எனத் தெரியவந்தது. அவை யாவற்றையும் எவரும் முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நிகழ்ச்சி அண்மையது. பட்டியின் 0.68 முதல் 0.80 வரையான பதிப்புக்களில் ஒரு குறித்த வகைத் திறப்பின் கையொப்பங்கள் சிறு சாய்வுடையனவாய் இருந்தமையை யேர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டனர். ஏறத்தாழ அறுபது கையொப்பங்கள் கிட்டினால் தனித் திறப்பையே மீட்டெடுக்கலாம் என 2024 ஏப்ரிலில் அறிவிக்கப்பட்டது. அவ்விரு நிகழ்ச்சிகளிலும் திறப்பை எவ்வடிவுக்கு மாற்றினும் பயனில்லை. எண்கள் அவையே ஆதலாற் கேடும் கூடவே சென்றது. பழைய திறப்பைச் சேவையகத்திலிருந்து நீக்கிப் புதியதை ஆக்குவதே அங்கு வழி. உடை மாற்றினால் நோய் தீராது.

பிரதி என்னும் சிக்கல்

மாறுவது யாது, மாறாதது யாது எனக் கண்டோம். மூன்றாவதொன்றும் உண்டு, அதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது. வடிவமாற்றம் மாற்றுவதோடு நில்லாது பெருக்குகின்றது. பெம் கோப்பு ஒன்று பி.பி.கே. ஆகும்போது முந்தியது அழிவதில்லை. மாற்றத்தின் முடிவில் ஒரு திறப்புக்கு இரு கோப்புக்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று கடவுத்தொடரின்றிச் சேமிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை பிரதி பெருகுதல் பேறாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் என்றென்றைக்குமாக அழிந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து செட்டிகுளத்து முகாம்களை அடைந்தோருட் பலர் உறுதியும் சான்றிதழும் இழந்தே வந்தனர். பிறப்பும் காணியும் பதிவகத்திற் பதியப்பட்டிருந்தவர்கள், அப்பதிவு எஞ்சியிருந்தவிடத்து, பின்னாளிற் பிரதி எடுத்தனர். ஆதலால் எதனையும் இரண்டாக, மூன்றாக எடுத்து வைத்தல் எமது மக்களின் இயல்பாகிவிட்டது. அவ்வியல்பு பட்டறிவால் வந்தது. அதனைப் பழித்தல் தகாது. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணிவரும் நூலகம் திட்டம் எழுந்ததும் இத்தேவை பற்றியே.

ஆயின் தனித் திறப்புக்கு விதி தலைகீழானது. பொதுத் திறப்பை ஆயிரம் பிரதி எடுத்து ஊரெங்கும் ஒட்டினும் தீங்கில்லை. தனித் திறப்பின் ஒவ்வொரு பிரதியும் வேலியில் விட்ட ஒரு கடப்பு. கணினி நிலையத்திற் பலர் புழங்கும் இயந்திரத்தில் வைத்து மாற்றியதும், விரலிச் சேமிப்பிற் போட்டு நண்பரிடம் கொடுத்ததும், மின்னஞ்சலில் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டதும் எல்லாம் பிரதிகளே. கோப்பைப் பதிவேற்றினால் மாற்றித் தருவோம் என விளம்பும் இணையத்தளத்திடம் தனித் திறப்பைக் கொடுத்தல், வீட்டுத் திறப்பை வழிப்போக்கனிடம் கொடுத்து அச்செடுத்துத் தருமாறு கேட்பதற்கு ஒப்பாகும். மாற்றத்துக்குரிய கருவிகள் இலவசமாகவும், வலையிணைப்பின்றித் தம் கணினியிலேயே இயங்குவனவாகவும் உள்ளபோது அதற்குத் தேவையே இல்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சும், கோப்பைப் பிறர் படிக்கக் கூடியதாய் அனுமதி திறந்திருப்பதைக் காணின், அத்திறப்பை ஏற்க மறுத்து எச்சரிக்கின்றது.

இன்று வன்னியிற் கணினிக் கல்வி வேரூன்றியுள்ளது. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாய் இயங்கிய வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. தொலைவிலுள்ள சேவையகத்தை ஆளும் பணி இனிக் கணினித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. வாய்மொழி வரலாறுகளையும் இடம்பெயர்வுக்கால ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேண முனையும் கலைப்பீட மாணவரும் அக்கதவண்டை நிற்க வேண்டியவரே.

அவ்வாறு நிற்போர் கருதத்தக்கவை சில உள. விண்டோஸ் இயங்குதளத்திலேயே 2018 முதல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். கிடைப்பதால், பல விடத்தும் வடிவமாற்றம் இன்றியே பணி முடியும். புதிய கணினி ஒன்றுக்குப் பழைய திறப்பைக் காவிச்சென்று மாற்றுவதைவிட, அக்கணினியிலேயே புதிய இணையை ஆக்கி அதன் பொதுத் திறப்பைச் சேவையகத்திற் பதிதல் மேலானது. மாற்றியே ஆக வேண்டுமாயின் தம் கணினியில் மாற்றி, கடவுத்தொடரிட்டு, வேண்டாத பிரதியை நீக்குதல் வேண்டும். நிறுவனமாயின் ஒருவரிடம் மட்டும் திறப்பை ஒப்படைத்தல் ஆகாது. ஆட்கள் புலம்பெயர்வதும் ஊர் மாறுவதும் எமது சமூகத்தின் அன்றாட நிகழ்ச்சி. அதற்காக ஒரே திறப்பைப் பலரும் பகிர்தலும் ஆகாது. பொறுப்புடையோர் இருவரேனும் மூவரேனும் தத்தமக்கெனத் தனித்தனித் திறப்பை ஆக்கிக்கொண்டு, ஒவ்வொருவரது பொதுத் திறப்பையும் பதிவித்தல் வேண்டும். ஒருவர் விலகின் அவரது பதிவை மட்டும் நீக்கலாம். ஒருவரது திறப்புத் தொலையின் மற்றவர் புதியதைப் பதியலாம். இழந்த தனித் திறப்புக்குப் பிரதி வழங்கும் பதிவகம் உலகில் எங்கும் இல்லை; ஆயினும் கதவைத் திறக்கும் உரிமையைப் புதுப்பிக்க இவ்வழி உண்டு.

கோப்பு வடிவங்கள் இனியும் மாறும். இன்று புதியதெனப்படுவது நாளை பழையதெனத் தள்ளப்படும். மாற்றும் கருவிகளும் அதற்கேற்பத் தோன்றும். அம்மாற்றங்களின் உள்ளே நிலைத்துநிற்கும் உண்மை எளியது. ஆவணத்தைப் பேணுவோன் பிரதியைப் பெருக்க வேண்டும். ஆவணகத்தின் திறப்பைப் பேணுவோன் பிரதியைச் சுருக்க வேண்டும். இழந்து இழந்து பேணக் கற்ற எமது மக்கள் முதலாவதை நன்கறிவர். இரண்டாவதையும் அறிந்துகொள்வதே, எஞ்சியவற்றை எண்ணிம உலகில் ஒப்படைக்கும் இத்தலைமுறையின் கடனாகும்.